தந்தை வழி

ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் ஒரு மூதாட்டியை மோதிக் கொன்றுவிட்டு ஓடிய காரின் உடைந்த கண்ணாடித் துண்டில், ஓட்டியவரின் இரத்தம் ஒரு துளி இருந்தது. அது தெற்காசிய ஆணுடையது என்று மரபணு ஆய்வு சொன்னது. பொலிஸார் அங்கே குடியிருந்த தெற்காசிய ஆண்களிடம் எச்சில் மாதிரி கேட்டார்கள். இரவீந்திரன் முதல் ஆளாகக் கொடுத்தார். தம்பி குகதாசன் காய்ச்சலென்று படுத்துவிட்டான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பொலிஸ்காரி வந்தாள்.

"உங்கள் மாதிரி பொருந்தவில்லை. ஒரு தந்தையின் மகன்கள் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கும் தந்தை வழிக் குறிகளே வேறு. ஆகவே உங்கள் தம்பியும் மாதிரி தரத் தேவையில்லை."

அவள் போனதும் குகதாசன் உள்ளங்கைக் காயத்தைக் காட்டி அழுதான்.

"நான்தான் அண்ணை இடிச்சனான். பயத்திலை ஓடிட்டன்."

"அந்த மனிசிக்கு மூண்டு பேரப்பிள்ளையளாம். நான் பொலிசிட்டை உண்மையைச் சொல்லப்போறன்."

"எந்த உண்மையை அண்ணை? அதைச் சொன்னா நீங்களும் அகப்படுவியள்."

இரவீந்திரன் கையிலெடுத்த தொலைபேசியைக் கீழே வைத்தார்.

முப்பத்தைந்து வருடங்களுக்கு முன், ஒஸ்லோ விமான நிலையத்தில், விமானத்தில் தன் பக்கத்து இருக்கையில் நடுங்கியபடி வந்த முன்பின் தெரியாத பெடியனை, 'இவன் என்ர தம்பி' என்று அகதிப் படிவத்தில் எழுதியவர் அவர்தான்.