ஒரு மூச்சுகூட விடாமல்

கம்ப்யூட்டருக்கு முன்னால் சுழல் நாற்காலியில் மனைவி. சோபாவின் ஓரத்தில், பைக் சாவியை விரலில் சுழற்றியபடி அவளுடைய தம்பி. ஜன்னலோர முக்காலி கணவருக்கு உரியது. ஆனால் அவர் உட்காரவில்லை. மனைவியின் முதுகுக்குப் பின்னால் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

"பாட்டை எம்பி3 ஆக்கி அனுப்பிடலாம்மா. கைக்கு அடக்கமா இருக்கும்" என்றார்.

மச்சினன் விரலில் சாவி நின்றது. "அத்தான், நேத்து வரைக்கும் எம்பி3ன்னா வெறும் சக்கைன்னீங்க."

"சக்கைதான். சக்கைக்கும் ஒரு வேளை வரும்."

தெருவில் அவருக்குப் 'பாம்புக் காது' என்று பெயர். எந்தப் பாட்டானாலும் தரம் குறைக்காத பெரிய ஃபைலாகத்தான் கேட்பார். எம்பி3 ஆக்கினால் சின்னச் சின்னச் சத்தங்களையெல்லாம் வெட்டி எறிந்துவிடும் என்று தபால்காரரை நிறுத்திவைத்துக்கூடப் பாடம் நடத்தியிருக்கிறார்.

இன்று அவருக்கு வேண்டியதே அந்த வெட்டுதான். போன ஞாயிற்றுக்கிழமை, அவர் கெஞ்சிக் கேட்டதால், இதே ஹாலில் மைக் வைத்து மனைவி மூன்று பாட்டுப் பாடினாள். கண்ணை மூடி லயித்துவிட்டதாக அன்று அவர் சொன்னதில் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனதென்று நம்பியிருந்தார்.

இன்று காலை ஹெட்போனில் கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. மூன்றாவது பாட்டின் சரணத்தில், சுருதியோடு ஒட்டாமல் ஒரு குறட்டை. சாட்சாத் அவருடையதுதான். இது அவள் காதில் விழுந்தால் இந்த வீட்டில் இனி பாட்டும் கிடையாது, பேச்சும் கிடையாது.

"முதல் பாட்டு அருமையா வந்திருக்கே, அதை அனுப்பேன்" என்று வேறு வழியில் போனார்.

"இல்லீங்க, மூணாவதுதான்."

"அதுல ஒரு இடத்துல உனக்கு இருமல் வருதேம்மா."

"வரட்டும். பெரியவர் கேட்டுப் பாத்துட்டுத்தான் அட்மிஷன் உண்டா இல்லையான்னு சொல்வாராம். மெருகு எதுவும் போடாதீங்க, ஒரு மூச்சுகூட விட்டுப்போகக் கூடாதுன்னு போன்லயே சொல்லிட்டார்."

பாட்டுப் பள்ளியில் சேர இவ்வளவு கறாரா என்று அவர் நடையை நிறுத்தினார். அதற்குள் மனைவியின் கை ஸ்பீக்கர் பக்கம் போயிற்று. "ஒரு தடவை சத்தமா வெச்சுக் கேட்டுடலாமா?"

"வேணாம் வேணாம். ஸ்பீக்கர் சூடேற அரை மணி நேரம் ஆகும்."

"ஸ்பீக்கரா, இஸ்திரிப் பெட்டியா அத்தான்?"

மனைவியை எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்தார். இருப்பதிலேயே சின்ன அளவாகப் பார்த்து அந்தப் பாட்டை எம்பி3 ஆக்கினார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு சரணத்துக்குத் தாவினார்.

தம்புராவின் ரீங்காரம் தேய்ந்துபோயிருந்தது. மனைவியின் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. குறட்டை மட்டும் குத்துக்கல்லாட்டம் அப்படியே இருந்தது.

ஊருக்கெல்லாம் நடத்திய பாடம் அவர் காலையே வாரிவிட்டது.

"எப்படி இருக்கு அத்தான் சக்கை?"

"சக்கையாத்தான் இருக்கு."

"அப்போ பெரிய ஃபைலே போகட்டும்" என்றாள் மனைவி. மெயிலில் நுழையாத பூதம் அது. பென் டிரைவில் ஏற்றினாள். எழுதி வைத்திருந்த கடிதத்தோடு சேர்த்து உறைக்குள் போட்டாள். ஓரத்தில் பசை தடவி, கட்டைவிரலால் நீவி ஒட்டித் தம்பியிடம் நீட்டினாள். கீழே பைக் உறுமிக்கொண்டு கிளம்பியது.

நல்லவேளை, அவள் அதைக் கேட்கவே இல்லை. கேட்கப்போகும் பெரியவருக்குக் காது கொஞ்சம் மந்தமாக இருந்தால் மானம் தப்பும். கணவர் முக்காலியில் ஒருவழியாக உட்கார்ந்தார்.

"கவலையே படாதே. உனக்குக் கட்டாயம் அட்மிஷன் கிடைக்கும்."

மனைவி விரலில் ஒட்டிய பசையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"எனக்கு இல்லீங்க, உங்களுக்கு. அவர் குறட்டை டாக்டர்."