சாமி தண்ணிக்கு வந்திருக்கு

"அந்தப் பக்கம் போவாதீங்க. சாமி தண்ணிக்கு வந்திருக்கு."

கையில் கோலோடு பாதையை மறித்து நின்றாள் அந்த ஆடு மேய்க்கிற பெண்.

இன்னாசிராஜுக்குச் சுருக்கென்றது. கடத்தூரிலிருந்து விடிந்ததும் விடியாததுமாகக் காரை எடுத்து, பாலக்கோடு தாண்டி இந்த டேமுக்கு வந்தது பாதியில் திரும்பிப் போகவா?

சும்மா ஊர் சுற்றவும் வரவில்லை. போன வருஷம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, தொடை எலும்பு முறிந்து, பிளேட் வைத்துப் படுத்துவிட்டாள் மனைவி கேத்தரின். இனி நடப்பாளா என்றே எல்லோருக்கும் சந்தேகம். "மாதாவே, நான் எழுந்து நடந்தா, அந்த டேமைச் சுத்தி ஜெபமாலை சொல்லிக்கிட்டே நடந்து உனக்கு நன்றி சொல்றேன்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி வேண்டிக்கொண்டாள்.

கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் கைகோத்து நடந்த இடம் அது. தண்ணீர் ஓரமாகவே போகும் மண் பாதை. மேடு பள்ளம் கிடையாது, குழந்தைகூட நடக்கும்.

இன்று பாதி தூரம் நடந்தும்விட்டாள். ஊன்றுகோல் இல்லாமல். அதைப் பார்த்துப் பார்த்து இன்னாசிராஜுக்குக் கண் கலங்கிக்கொண்டே வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் இந்தம்மா குறுக்கே வந்தாள்.

"நாங்க எங்க வேண்டுதலுக்கு நடக்கிறோம். உங்க சாமி பாட்டுக்கு இருக்கட்டும், நாங்க பாட்டுக்குப் போறோம்" என்றார் இன்னாசிராஜ்.

அவள் கேத்தரினை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்படியில்லீங்கண்ணா. புது ஆளுங்க வாடையே சாமிக்கு ஆகாது."

"என்னது, வாடையா?"

"மெதுவாப் பேசுங்க. சத்தமும் ஆகாது."

மரங்களுக்கு அப்பால் எங்கோ பட்டாசு வெடித்தது. கூடவே ஆட்கள் கூவும் சத்தம்.

இன்னாசிராஜ் கடத்தூரில் ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருப்பவர். நியாயம் கேட்க ஆரம்பித்தால் லேசில் விடமாட்டார். மனைவி பக்கம் திரும்பினார்.

"அவங்க மட்டும் வெடி போடலாம், கூப்பாடு போடலாம். நீ வாய்க்குள்ள ஜெபம் சொன்னா ஆகாது! கேட்டியா கதையை? இந்தாம்மா, டேம் என்ன உங்க கோயில் சொத்தா? நாங்க நடந்தா தீட்டுப் பட்டுடுமா?"

"ஏங்க, விடுங்க. அவங்க திருவிழா, அவங்க முறை. இன்னொரு நாள் வந்து நடந்துக்கலாம்" என்றாள் கேத்தரின். சொல்லிவிட்டாளே தவிர, அவள் கண் மிச்சமிருந்த பாதையிலேயே இருந்தது. இந்த ஒரு நாளை நினைத்துத்தானே வலியைப் பொறுத்துக்கொண்டு நடக்கப் பழகினாள்.

"திட்டறதுன்னா ரோட்டுக்குப் போயித் திட்டுங்கண்ணா. மொதல்ல திரும்புங்க" என்று அந்தப் பெண் கோலை நீட்டி வந்த வழியைக் காட்டினாள், ஆட்டை ஓட்டுகிற மாதிரியே.

திரும்பினார்கள். கொஞ்ச தூரம் போய் இன்னாசிராஜ் பார்த்தால், பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறாள். கேத்தரின் மூச்சு வாங்க நின்றால் அவளும் நிற்கிறாள். நடந்தால் நடக்கிறாள்.

"ஆட்டைக்கூட அப்படியே விட்டுட்டு வந்து நம்மள விரட்டறா பாரு. ஏமாத்திட்டுத் திரும்பப் போயிடுவோம்னு காவல்!"

ஜெபமாலையை எந்த மணியில் விட்டாள் என்பதே கேத்தரினுக்கு மறந்துபோயிருந்தது.

டேம் கேட்டை ஒட்டி மீன் வறுக்கும் கடை. கடைக்கார நிர்மலா பெஞ்சைத் துடைத்துவிட்டு "உட்காருங்க" என்றாள். இன்னாசிராஜ் உட்காரவில்லை. நின்றபடியே கொட்டித் தீர்த்தார்.

"காலம் இவ்ளோ மாறியும் இப்படி ஜனங்க இருக்காங்களே! யாருங்க அந்த ஆடு மேய்க்கிற அம்மா?"

"சின்னக்காவா? அது அப்படிப்பட்ட ஆளே இல்லீங்களே. என்னன்னு சொல்லுச்சு?"

"சாமி தண்ணிக்கு வந்திருக்காம். எங்க வாடை ஆகாதாம்."

நிர்மலாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. தண்ணீர்ப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆனை வந்திருக்குதுங்க. ஒத்தை ஆனை. அது பக்கத்துல இருக்கறப்ப நாங்க யாரும் பேரு சொல்ல மாட்டோம், சாமின்னுதான் சொல்லுவோம். காலையிலேருந்து ஃபாரஸ்ட்காரங்க வெடி போட்டு ஓட்டிக்கிட்டிருக்காங்க. உங்களுக்குக் கேக்கலீங்களா?"

கேட்டது. நன்றாகவே கேட்டது. இன்னாசிராஜ் இப்போது பெஞ்சில் உட்கார்ந்தார்.

கேத்தரின் உட்காரவில்லை. கேட்டருகே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சின்னக்காவிடம் போய், அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நன்றி சொல்லத்தாங்க இவ்ளோ தூரம் வந்தேன். உங்களுக்கும் சேத்துச் சொல்லிக்கறேன்" என்றாள். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

இன்னாசிராஜ் மெல்ல வந்து பக்கத்தில் நின்றார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. விவரம் தெரியாம வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிட்டேன்."

"அதனால என்னங்கண்ணா. வூடு போயிச் சேந்தாச் சரி."

"ஒண்ணு மட்டும் புரியல. அதான் எங்களைத் திருப்பி அனுப்பிட்டீங்களே. அப்புறம் ஆடுங்களையும் விட்டுட்டு எதுக்குப் பின்னாலயே வந்தீங்க?"

சின்னக்கா இதென்ன கேள்வி என்பது போல அவரைப் பார்த்தாள்.

"அக்காவால ஓட முடியாதுல்லீங்க. சாமி வந்துட்டா, நடுவுல ஒரு ஆளாவது வேணுமில்ல?"