தடுமாறப் பயிற்சி

"என் வூட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாத மாதிரி நடக்கச் சொல்லித் தரணும்ண்ணா."

முன்பின் தெரியாத அம்சவள்ளி எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்து இப்படிக் கேட்டபோது வெற்றிவேலுக்கு முதலில் பகீர் என்றது. போலீஸ்தான் ஆள் அனுப்பி ஆழம் பார்க்கிறதோ என்று சந்தேகம்.

சந்தேகப்பட வேண்டிய பிழைப்புதான் அது. சீட்டாட்டத்தில் எதிராளி கையில் இருப்பதையும் சேர்த்துப் படித்துவிடும் கண்கள் வெற்றிவேலுக்கு. ஆனால் அரசாங்கக் கணக்கில் அவன் முழுப் பார்வையற்றவன். கறுப்புக் கண்ணாடி, மடக்குக் குச்சி, மாதம் பிறந்தால் உதவித்தொகை என்று ஜாம்ஜாமென்று போய்க்கொண்டிருந்ததில் இப்போது மண் விழப் பார்த்தது. பழைய மாற்றுத்திறனாளி அட்டைக்காரர்கள் அடுத்த மாதம் மறுபரிசோதனைக்கு வர வேண்டுமாம். அதற்கென்று ஒரு மெஷின் வேறு வந்திருக்கிறதாம். தலையில் ஒயரை ஒட்டி, நரம்பிடமே நேராக விசாரித்துவிடுமாம். மாட்டினால் அட்டை மட்டும் போகாது, ஆளையும் உள்ளே தள்ளிவிடுவார்கள்.

தனக்கு முன்னால் இன்னொரு தலையை அந்த மெஷினில் கொடுத்துப் பார்த்தால் என்ன? இந்த யோசனை வந்ததும் வெற்றிவேலின் மனம் இளகிவிட்டது. காசெல்லாம் வேண்டாம், உதவியாகச் செய்கிறேன் என்றான். அம்சவள்ளி கண் கலங்கிக் கும்பிட்டாள்.

எலவனாசூர்கோட்டையைத் தாண்டி ஒரு சின்ன கிராமம். அவன் போனபோது அவள் கணவர் கந்தசாமி மாடு கறந்துகொண்டிருந்தார். வந்தவனை வாங்க என்று சொல்லிவிட்டு, பாலைச் சிந்தாமல் செம்பில் ஊற்றி, உள்ளே போய் டீ போட்டு எடுத்துவந்து அவன் முன்னால் நீட்டினார். வெற்றிவேல் தலையில் அடித்துக்கொண்டான்.

இந்த லட்சணத்தில்தான் மனிதர் அட்டை வாங்கப் போன தடவை நடந்த முகாமுக்கும் போயிருக்கிறார். நேராக நடந்து போய், தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். முதல் மேஜையில் இருந்த ஆபீசர், உனக்கெல்லாம் எதுக்குய்யா டாக்டர் என்று அங்கேயே விரட்டிவிட்டாராம்.

"தப்பு உங்க மேலதான். கண்ணு தெரியாதவன் எங்கனா இப்படி நடப்பானா?" என்றான் வெற்றிவேல்.

"வேற எப்டி நடப்பானுங்க?" என்று பவ்யமாகக் கேட்டார் கந்தசாமி.

பாடம் தொடங்கியது. சுவரைத் தடவக் கூடாது, முட்ட வேண்டும். நாற்காலியில் உட்காரக் கூடாது, அதற்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். யாராவது பேசினால் அந்தப் பக்கம் திரும்பாமல், ஆள் இல்லாத பக்கமாகப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பாவம், கந்தசாமிக்குத் தடுமாறவே வரவில்லை. தூணில் இடிக்கச் சொன்னால் கால் தன்னால் விலகிப் போய்விடும். அம்சவள்ளி விழுந்து விழுந்து சிரிப்பாள். அப்புறம் என்னவோ நினைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

முகாம் நாளில் அதே ஆபீசில் கல்வராயன் மலைப் பக்கத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து குவிந்திருந்தார்கள். வெற்றிவேல் கறுப்புக் கண்ணாடியோடு ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.

கந்தசாமி அன்றைக்கு வெளுத்துக்கட்டினார். நுழையும்போதே நிலையில் நெற்றியை இடித்தார். நின்றிருந்த ஃபேனைக் கட்டிப்பிடித்து வணக்கம் சொன்னார். கடைசியில் நாற்காலியை விட்டுவிட்டு ஆபீசரின் சாப்பாட்டு கேரியர் மேல் போய் உட்கார்ந்தார். மேஜைக்கு அடியில் சாம்பார் ஓடியது. ஆபீசர் உச்சுக்கொட்டி, கைத்தாங்கலாக எழுப்பி, தானே டாக்டர் அறை வரைக்கும் கொண்டுபோய் விட்டார். வெற்றிவேல் கைதட்டப் போய், தனக்கு எதுவும் தெரியக்கூடாது என்பது நினைவுக்கு வந்து கையை மடக்கிக்கொண்டான்.

அம்சவள்ளியும் கூடப் போக, அறைக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே மெஷின். இங்கே வெற்றிவேலுக்குச் சட்டை நனைந்தது. மாட்டிக்கொண்டால் மனிதர் முதலில் தன் பெயரைத்தான் சொல்லுவார் என்று பெஞ்சின் வாசல் பக்க முனைக்கு நகர்ந்துகொண்டான்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. அம்சவள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதபடி வந்தாள். பின்னாலேயே கந்தசாமி, கையில் ஒரு தாளோடு. போச்சு என்று எழுந்த வெற்றிவேல், தான் பார்வையற்றவன் என்பதையும் மறந்து அதைப் பிடுங்கிப் படித்தான்.

பார்வைக் குறைபாடு நூறு சதவீதம் என்று எழுதி, டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

வெற்றிவேல் கந்தசாமியைப் புங்க மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனான். "எண்ணா, மெஷினை எப்டி ஏமாத்துனீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்க. அடுத்த மாசம் என் தலையில ஒயரை ஒட்டப் போறானுங்க" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினான்.

"மெஷினை நான் எங்க ஏமாத்துனேன், வாத்தியாரே? எட்டு வருசமா இந்தப் பேப்பர் இல்ல, அந்தப் பேப்பர் இல்லன்னு இதே ஆபீசுக்கு அலைஞ்சிக்கினு இருந்ததுல, எந்த நாற்காலி எங்க கெடக்குதுன்னு காலுக்கே பழகிப்போச்சு. அதனாலதான் போன தடவ நேரா போய் உக்காந்துட்டேன்" என்றார் கந்தசாமி.

பிறகு வெற்றிவேலின் குரல் வந்த திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பொறவியிலயே கண்ணு தெரியாதவன் நானு, மெஷினு அதை ஒரே நிமிசத்துல நம்பிடுச்சு, மேஜையில இருந்த மனுசனை நம்ப வைக்கத்தான் நீங்க தேவப்பட்டீங்க."