பாலகுருவின் இடது கால்

மூலக்குளத்து மருந்தாய்வுக்கூடத்தில் நொச்சித் தைலம் வீக்கத்தை வற்றவைக்கிறதா என்று ஜெயசித்ரா சோதித்துவந்தாள். அன்று மீனவர் பாலகுரு ஊன்றுகோலோடு வந்தார். விசைப்படகு விபத்தில் அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டிருந்தது.

"கணுக்கால் வலிக்குதும்மா. தூக்கமே இல்ல."

"எந்தக் கணுக்கால்ணே?"

அவர் இல்லாத காலைக் காட்டினார்.

"இவர எப்படிக்கா சோதனையில சேக்கறது?" என்றாள் உதவியாளர் நிர்மலா.

"வலிக்குதுங்கறாரு. சேக்கத்தான் வேணும்."

ஜெயசித்ரா தரையில் உட்கார்ந்து, அவர் காட்டிய இடத்தில் தைலத்தை ஊற்றினாள். கீழே ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"இன்னும் கொஞ்சம் கீழம்மா," என்றார் அவர், கண்களை மூடியபடி.

அவள் அங்கே கை வைத்தாள். சுட்டது. கையை எடுக்காமல் திரும்பிப் பார்த்தாள்.

"நிர்மலா, அந்த டேப்பைக் குடு. வீக்கத்த அளக்கணும்."