இரண்டு மீட்டர் நீலம்

துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பது பிலோமினாவின் பொழுதுபோக்கு. அதற்கு மாதம் முந்நூறு ரூபாய்தான் என்று கணவர் அந்தோணி வரம்பு வைத்திருந்தார். கட் பீஸ் கடையில் அவள் இரண்டாவது நிறத்தைத் தொட்டாலே, "வீட்ல கெடக்குறத மொதல்ல தைச்சு முடி" என்பார். பதினொரு வருடமாக இந்தச் சண்டையைக் கடைக்காரர் ரபீக் ரசித்துப் பார்த்திருக்கிறார்.

அன்று மருத்துவமனையிலிருந்து நேராக அங்கே வந்தார்கள். பிலோமினாவைப் பரிசோதித்த டாக்டர், பிறகு அந்தோணியை மட்டும் உள்ளே அழைத்து வெகுநேரம் பேசியிருந்தார். வெளியே வந்தவர், "ஒண்ணுமில்ல, சத்துக் குறைவாம்" என்றார்.

பிலோமினா நீலப் பருத்தியில் கால் மீட்டர் கேட்டாள்.

"ரெண்டு மீட்டரா வெட்டுங்க பாய். அந்த மஞ்சளும் ரெண்டு. உள்ள வைக்கிற பஞ்சு, இருக்கறதுலயே நல்லதா குடுங்க" என்றார் அந்தோணி.

"இன்னிக்கு மழ கொட்டப் போவுதுக்கா" என்று ரபீக் சிரித்தார்.

அந்தோணி சிரிக்கவில்லை. அடுத்த துணியையும் எடுத்து வைத்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த பிலோமினா, கத்தரிக்கோல் இறங்குவதற்குள் நீலத்தின் மேல் கையை வைத்தாள்.

"எப்பவும் போல, வேணாம்னு சொல்லுங்க."

அவர் மஞ்சள் துணியின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவ சொல்லுங்களேன்."

அந்தோணியின் உதடுகள் 'வே...' என்று அசைந்து, அப்படியே நின்றன. ரபீக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.