காளியம்மா வாய் திறக்காத மாதம்

"பிரஷர் மறுபடியும் ஏறியிருக்கு. இன்னைக்கே மலாக்கா ஆஸ்பத்திரியில சேர வேண்டியதுதான்," என்றார் மிஸ்ஸி அகதா. செலண்டார் கிளினிக்கில் நர்ஸை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஏழு மாதக் கர்ப்பிணி பவானேஸ்வரி பயந்து போனாள்.

"உடம்புல வேற கோளாறு இல்லம்மா. மனசு பதறினா நரம்பு முறுக்கேறி நெஞ்சு வேகமா அடிக்கும், பிரஷரும் ஏறும். வீட்ல என்ன பிரச்சினை?"

பவானி தலை குனிந்தாள். துணைக்கு வந்த பக்கத்து வீட்டு ஜெயா சும்மா இருப்பாளா?

"இவ மாமியாதான் மிஸ்ஸி! எஸ்டேட்டுக்கே கேக்கற மாதிரி பேசற பொம்பள, ஒரு மாசமா இவகிட்ட மட்டும் ஒரு வார்த்தை பேசல. சோத்தப் போட்டு வெச்சிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிடுது. கல்நெஞ்சுலா!"

"நான் என்ன தப்பு பண்ணேன்னே தெரியல," என்று பவானி அழுதுவிட்டாள்.

அகதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விடுவிடுவென்று வெளியே போனார். பெஞ்சில் மாமியார் காளியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார்.

"வாயும் வயிறுமா இருக்கற பொண்ணுகிட்ட என்ன பெரியம்மா அப்படிக் கோபம்?"

காளியம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். மருமகள் காதில் விழாது என்று உறுதி செய்துகொண்டு கிசுகிசுத்தார்.

"கோபமா? பேச்சு தொண்டை வரைக்கும் வந்து நிக்குது மிஸ்ஸி, நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். போன மாசம் இங்க நின்னு பேசிக்கிட்டிருந்தேன். 'நீங்க வாய மூடினாத்தான் மருமக பிரஷர் எறங்கும்'னு நீங்கதானே சொன்னீங்க? புள்ள பொறக்கற வரைக்கும் தாங்கிடுவேன். இப்ப எவ்வளவு எறங்கியிருக்கு?"

அகதாவுக்குச் சுருக்கென்றது. காளியம்மாவின் தொணதொணப்பு தாங்காமல் எரிச்சலில் விட்ட வார்த்தை அது. காளியம்மா கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

"பேசுங்க பெரியம்மா. எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க."

காளியம்மா அரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசினார். பக்கத்து வீட்டுக் கோழி முதல் பேரனுக்கு வைக்கப்போகும் பெயர் வரை எதுவும் பாக்கியில்லை; பேசாமல் இருந்த காரணத்தை மட்டும் சொல்லவில்லை. பவானி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுபடி அளந்தபோது பிரஷர் நன்றாக இறங்கியிருந்தது. அகதா ஆஸ்பத்திரியில் சேர்க்க எழுதிவைத்திருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்.

"அத்தை ஏன் பேசாம இருந்தாங்க மிஸ்ஸி? யார் மேல தப்பு?" என்று கேட்டாள் பவானி.

"வாய மூடியிருக்க வேண்டியவ நான்தாம்மா. எனக்குப் பதிலா அவங்க மூடிக்கிட்டாங்க."