துண்டு போட்ட சர்க்யூட்

"இது திருட்டு மேடம். வேற பேரே கிடையாது!"

பரந்தாமன் மேசையைத் தட்டிய வேகத்தில் டீ சிந்தியது. திருமழிசை தாண்டி இருக்கும் அந்த இன்ஜினியரிங் கல்லூரியில் அவர்தான் துறைத் தலைவர். புராஜெக்ட் வைவாவுக்காக வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அகல்யா, தன் டீ கிளாஸை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

எதிரே, கடைசி வருஷ மாணவி கார்த்திகா. அவளுக்குப் பின்னால் திரையில் அவள் போட்ட கிராஃப்.

"எதை சார் திருடினா?"

"என் பேப்பரை! போன வாரம்தான் ஜர்னலுக்கு அனுப்பினேன். இன்னும் வெளியவே வரலை. அதே சர்க்யூட், அதே விடை, அதே கிராஃப்! பாருங்க."

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். அகல்யா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு மேடு பள்ளம்கூட மாறவில்லை. அச்சு அசல் அதேதான்.

அந்த அறை வாசலில் 'குவாண்டம் உயர் ஆய்வு மையம்' என்று பித்தளைப் பலகை தொங்குகிறது. உள்ளே இரண்டு ஏசி இருக்கிறது, பரந்தாமன் சால்வை வாங்குகிற படங்கள் இருக்கின்றன. குவாண்டம் கம்ப்யூட்டர் மட்டும் இல்லை. அது எங்கேயோ வெளிநாட்டில் இருக்கிறது. இன்டர்நெட் வழியாக, ஓர் அக்கவுன்ட்டுக்கு மாசம் சில நிமிஷம் இலவசமாக விடுவார்கள். அதுவும் சின்ன மெஷின். பெரிய சர்க்யூட்டை, அதாவது நீளமான கணக்கை, தாங்காது. அதனால் சர்க்யூட்டைத் துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓட்டி, வந்த விடைகளைக் கணக்குப் போட்டு ஒட்ட வேண்டும். பரந்தாமனின் பேப்பர் அதைப் பற்றித்தான். கார்த்திகாவின் புராஜெக்ட்டும் அதுவேதான். அவளுடைய ரிவியூ எதற்கும் அவர் எட்டிப் பார்த்ததில்லை. எங்கேயாவது சிறப்புரை இருக்கும்.

"அடுத்தவங்க உழைச்சதுல தன் பேரைப் போட்டுக்கிறது திருட்டு இல்லாம வேற என்ன? நோகாம நுங்கு திங்கப் பார்க்கிறா! ஃபெயில் போடுங்க மேடம். மத்ததைக் கமிட்டியில நான் பார்த்துக்கறேன்."

ஃபெயில் என்றால் டிகிரி போச்சு. அம்பத்தூரில் கிடைத்திருந்த வேலையும் போச்சு. அகல்யா கார்த்திகா பக்கம் திரும்பினார்.

"நீ என்னம்மா சொல்றே?"

"நான் திருடலை மேடம். ஒட்டினேன்."

"பார்த்தீங்களா திமிரை!" என்றார் பரந்தாமன்.

"ஒட்டறதுக்குத் துண்டு ஏது?" என்று கேட்டார் அகல்யா.

"ஒண்ணு என்னோடது. மத்தது எங்க கிளாஸ் பசங்களோடது."

"ஓஹோ! கூட்டுக் களவாணிங்களா?"

அகல்யா அவரைக் கண்டுகொள்ளவில்லை. வெளியே முறைக்காகக் காத்திருந்த நிர்மலை உள்ளே கூப்பிட்டார். முத்தாபுதுப்பேட்டைப் பையன். துறைத் தலைவர் முகத்தைப் பார்த்ததுமே பாதி செத்துப்போனான்.

"உன் துண்டு உனக்கு எப்படிப்பா வந்துச்சு?"

"சார்தான் மேடம் குடுத்தாரு. போன செமஸ்டர்ல ஆளுக்கு ஒரு மினி புராஜெக்ட். 'உங்க அக்கவுன்ட்ல ஓட்டி, விடையை எனக்கு அனுப்புங்க. ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் பார்த்தா மார்க் கட்'னு சொன்னாரு. இன்னாத்துக்குன்னு எங்களுக்கே தெரியாது மேடம்."

பரந்தாமன் தொண்டையைச் செருமினார்.

"காலேஜ் பஸ்ல ஒருநாள் இவன் லேப்டாப்பைப் பார்த்தேன் மேடம்" என்றாள் கார்த்திகா. "என் சர்க்யூட் எந்த இடத்துல அறுந்து நிக்குதோ, அங்கிருந்து இவனோடது ஆரம்பிக்குது. அப்புறம் எல்லார்கிட்டயும் கேட்டு வாங்கினேன். ரிப்போர்ட் முதல் பக்கத்துலயே எல்லார் பேரையும் போட்டிருக்கேன்."

அகல்யா ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்த்தார். பிறகு லேப்டாப்பில் பேப்பரின் முதல் பக்கத்துக்குப் போனார். அங்கே இருந்தது ஒரே பேர். பட்டங்களோடு சேர்த்து இரண்டு வரி நீளம்.

"துண்டை ஓட்டறது கூலி வேலை மேடம், யார் வேணா செய்யலாம்." பரந்தாமனுக்கு மேடைக் குரல் வந்துவிட்டது. "ஒட்டறதுலதான் ஆராய்ச்சியே இருக்கு!"

"சரி, நீ எப்படிம்மா ஒட்டினே?"

"வெட்டின இடத்துல என்னென்ன நிலைமை வரலாமோ, அது ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஓட்டின விடை இருந்துச்சு மேடம். கூட்ட வேண்டியதைக் கூட்டி, கழிக்க வேண்டியதைக் கழிச்சேன்."

போர்டில் போட்டும் காட்டினாள். அகல்யா தலையை ஆட்டிக்கொண்டே மார்க்கைப் போட்டுக் கையெழுத்து வைத்தார்.

"உங்க பேப்பர்ல நீங்க எப்படி சார் ஒட்டினீங்க?"

பரந்தாமன் திரையைப் பார்த்தார். ஏசியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில், மூலையில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்த தன் ஆராய்ச்சி மாணவியைப் பார்த்தார்.

"ஷர்மிளா, மேடத்துக்கு விளக்கிச் சொல்லும்மா."

ஷர்மிளா எழுந்தாள். பி.எச்.டி. கையெழுத்து அவர் கையில் இருக்கிறது. பாவம், அவளுக்குத் தலை நிமிரவே இல்லை. ஆனால் நிர்மலும் கார்த்திகாவும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒட்டினது நான்தான் மேடம். கிராஃப் போட்டதும் நான்தான்." கொஞ்சம் நிறுத்தினாள். "எழுதினதும்."



அகல்யா ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு ரொம்பப் பணிவாகக் கேட்டார்.

"இதுல உங்க துண்டு எது சார்?"